யானைமலை எரிமலையா?

மதுரையில் மலை, பாறை என்று பேச்செடுத்தால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுவிடுவார்: "யானைமலை ஒரு காலத்துல எரிமலையா இருந்துச்சாமே?" திருவண்ணாமலைக்கும் இதே கதை உண்டு. அது அக்னித் தலம் என்பதால் கதை இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. வாட்ஸ்ஆப்பில் வருடத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் ஒத்தக்கடைப் பக்கம் நின்று, அந்த மொட்டைப் பாறை தகிப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயற்கைதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானைமலை எரிமலை இல்லை. எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பாறையும் இல்லை. திருப்பரங்குன்றம், நாகமலை, அழகர்மலை, சிறுமலை எதுவுமே இல்லை. திருவண்ணாமலையும் ஆழத்தில் உருவான பாறைதான். ஆனால் உண்மைக் கதை எரிமலைக் கதையைவிடப் பெரியது. மதுரைக்காரர்கள் குடியிருப்பது, அழிந்துபோன ஒரு மாபெரும் மலைத்தொடரின் அஸ்திவாரத்தின் மேல்.

எரிமலை ஏன் இங்கே இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பூமியின் மேல்பகுதி ஒரே ஓடு கிடையாது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பல தட்டுகளாக அது உடைந்து கிடக்கிறது. தட்டுகளுக்குக் கீழே முழுக்க நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே இருப்பதும் பெரும்பாலும் திடப்பாறைதான், ஆனால் நகரக்கூடிய திடப்பாறை. ரோடு போடும் தார்க் கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாக உடையும். அதையே வெயிலில் போட்டு வைத்தால் மெல்ல வழியும். அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாறை உருகிக் குழம்பாக வேண்டுமென்றால் விசேஷமான காரணம் வேண்டும். ரெண்டு தட்டுகள் விலகும் இடத்தில் கீழே உள்ள பாறை மேலெழும்பும், அழுத்தம் குறையும், உருகும். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில், கடலடியிலிருந்து அது சுமந்துபோன நீர் வெளியேறி மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். மூன்றாவது, ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழும்பும் இடங்கள். மதுரை இந்த மூன்றிலும் இல்லை. நாம் தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறோம். நமக்குப் பக்கத்தில், அதாவது சுமார் 1700 கிலோமீட்டர் தள்ளி, அந்தமான் கடலில் பேரன் தீவு எரிமலை இருக்கிறது. இந்தியத் தட்டு அங்கே கிழக்குப் பக்கமாகக் கீழே நுழைகிறது. நீண்ட காலம் தூங்கிக் கிடந்த அந்த எரிமலை 1991-ல் விழித்து, அதன் பிறகு அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சூறையாடிய சுனாமி கிளம்பியது இதே எல்லைக்கோட்டின் தெற்குப் பகுதியில்தான்.

சரி, எரிமலை இல்லையென்றால் யானைமலை என்னதான்?

உலக அளவில் புவியியல் ஆய்வுக் கட்டுரைகளில் "மதுரை பிளாக்" என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வடக்கே பாலக்காடு - காவிரி வழியாகப் போகும் ஒரு பெரிய முறிவு மண்டலத்துக்கும், தெற்கே அச்சன்கோவில் வழியாகப் போகும் இன்னொன்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு அது. கொடைக்கானல், சிறுமலை, மதுரைச் சமவெளி எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தவை. கெங்குவார்பட்டி, ராஜபாளையம் பக்கத்துப் பாறைகளில் சாஃபிரின் என்றொரு கனிமம் கிடைக்கிறது. அது குவார்ட்ஸோடு சேர்ந்து உருவாவதற்கு 900 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சில வகை எரிமலைக் குழம்புகளுக்கே அவ்வளவு சூடு கிடையாது! எரிமலை இல்லாவிட்டாலும் சூட்டில் நம்ம ஊர் யாருக்கும் குறைந்ததில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நான் மென்பொருள்காரன், எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சர்வர் ராத்திரி எத்தனை மணிக்கு விழுந்தது என்று பார்க்க லாக் ஃபைலைத் திறப்போம் இல்லையா? பாறைக்கு லாக் ஃபைல் அதன் கனிமங்கள். எந்தக் கனிமங்கள் ஒன்றாகச் சேர்ந்து இருக்கின்றன என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டும். தேதியைக் காட்டுவது சிர்கான் என்ற பொடிக் கனிமம். அது உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய அண்டவே விடாது. யுரேனியம் 238-ல் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். எனவே இப்போது உள்ளே எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். மரத்துக்கு வளையம்போல சிர்கானுக்கும் வளையங்கள் உண்டு. ஒவ்வொரு முறை பாறை வேகும்போதும் ஒரு வளையம் கூடலாம். அதனால்தான் ஒரே மணித்துகளில் 250 கோடி ஆண்டு பழைய நடுப்பகுதியையும் 55 கோடி ஆண்டு பழைய ஓரத்தையும் ஒருசேரப் பார்க்க முடிகிறது.

இவ்வளவு ஆழத்துக்கு இந்தப் பாறைகளை யார் அமுக்கியது? தட்டுகள்தான். அந்தக் காலத்தில் இன்றைய ஆப்பிரிக்கா பக்கத்து நிலங்களுக்கும் இந்தியா பக்கத்து நிலங்களுக்கும் நடுவே மொசாம்பிக் பெருங்கடல் என்று ஒரு கடல் இருந்தது. தட்டுகள் நெருங்க நெருங்க அது மூடிக்கொண்டது, நிலங்கள் மோதின. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருநிலம் ஆனது. மோதல் நடந்த இடத்தில் மேலோடு மடிந்து தடித்து மலைத்தொடராக எழுந்தது. மலை மேலே எழும் அளவைவிட அதன் வேர் கீழே பல மடங்கு இறங்கும். இன்று இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் இதுதான் நடக்கிறது. அங்கே மேலோடு 70 கிலோமீட்டர் வரை தடித்திருக்கிறது. இமயத்தின் அடிவயிற்றில் இன்று என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத ஒருவர் மதுரைக்கு வந்தால் போதும், 55 கோடி ஆண்டு பழைய மாதிரி இங்கே வெட்டவெளியில் கிடக்கிறது.

நைஸ் என்று சொல்லப்படும் நம்ம ஊர்ப் பாறையை உற்றுப் பாருங்கள். கருப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும், சில இடங்களில் பரோட்டா மாவை இழுத்துச் சுருட்டியதுபோல மடிந்திருக்கும். வெளுப்புப் பட்டைகளில் பல, பாறை வேகும்போது உருகிய பகுதி. உருகியது வெளியே ஓடி எரிமலையாகாமல் அங்கேயே உறைந்துவிட்டது. சிறுமலை, கொடைக்கானல் பக்கம் அதிகமாகக் கிடைக்கும் கருநிறப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். இந்தப் பெயரின் பூர்வீகம் சுவாரசியமானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை 1893-ல் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். கல் போனது பல்லாவரத்திலிருந்து! பல்லாவரைட் என்று வைத்திருக்க வேண்டிய பெயர் சமாதிக்குள் கிடந்தவருக்குப் போய்விட்டது.

அடுத்த கேள்வி: 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது எப்படி மாட்டுத்தாவணி பக்கத்தில் வந்து நிற்கிறது? மேலே இருந்ததெல்லாம் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போனது. அதோடு முடியவில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் லாரியைக் கவனித்திருப்பீர்கள். மூட்டை இறங்க இறங்க லாரியின் உடம்பு ஸ்ப்ரிங்கில் மேலே ஏறும். மலையும் அப்படித்தான். மேலே எடை குறையக் குறைய வேர் மெல்ல மிதந்து மேலே வரும், வந்ததை மழை மறுபடி அரிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 கிலோமீட்டரை 55 கோடியால் வகுத்தால் சராசரியாக 18 வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர். சீராக நடந்திருக்காது, ஆரம்பத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் போயிருக்கும். ஆனாலும் எவ்வளவு பொறுமையான வேலை என்று புரிகிறதல்லவா?

யானையின் முதுகுபோன்ற வழவழப்பும் இந்தப் பாரம் இறங்கியதன் விளைவுதான். ஆழத்தில் அமுக்கி வைத்திருந்த பாறை மேலே வந்ததும் விரிந்துகொடுக்கிறது, வெங்காயத்தோல்போலத் தகடு தகடாக உரிகிறது. விரிசல் அதிகமான பாறைக்குள் தண்ணீர் இறங்கி அதை மண்ணாக்கிவிட்டது, அதுதான் சமவெளி. விரிசல் குறைந்த பாறை நின்றுகொண்டது, அதுதான் குன்று. தகடு உரிந்து கீழே குடைந்த இடங்களில் மழைக்கு ஒதுங்க நிழல் கிடைத்தது. சமணத் துறவிகள் கல்படுக்கை வெட்டிக்கொண்டதும் தமிழிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டதும் இத்தகைய இடங்களில்தான்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தொட்டுவிடலாம். திருமங்கலம் தாண்டி விருதுநகர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது பாதி ஞாபகத்தில் நிற்பதன் விளைவு இது. மகாராஷ்டிரக் கரிசலுக்கு அது சரி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுக்கடுக்காகக் குழம்பு வழிந்து, இன்றைக்கு மிச்சமிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்தக் குழம்பு நம்ம பக்கம் வரவில்லை. நம்முடைய கரிசல், இதே பழைய நைஸ் வகைப் பாறைகள் வறண்ட வானிலையில் மக்கி உருவானது. நிறம் ஒன்று, பிறப்பு வேறு.

மடகாஸ்கர் பெயர் மேலே வந்ததே, அதற்கு வருகிறேன். மதுரை பிளாக் பாறைகளுக்கும் தெற்கு மடகாஸ்கர் பாறைகளுக்கும் வயதிலும் வகையிலும் அவ்வளவு ஒற்றுமை. முறிவுக் கோடுகளை இங்கிருந்து அங்கே நீட்டி இணைத்தே வரைபடம் போடுகிறார்கள். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் பிரிந்தன. பிரியும்போது எரிமலை வெடித்தது. அதன் சாட்சி கர்நாடகாவில் உடுப்பிக்குப் பக்கத்தில், மால்பே கடலில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவுகள். அறுகோணத் தூண்களாக நிற்கும் அந்தப் பாறைதான் அசல் எரிமலைப் பாறை. எரிமலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யானைமலையை விட்டுவிட்டு அங்கே போகலாம், படகு உண்டு.

லெமூரியா கிளம்பியதும் இந்த ஒற்றுமையால்தான். மடகாஸ்கரின் லெமூர் வகை விலங்குகளுக்கு உறவானவை ஆசியாவிலும் இருப்பதைப் பார்த்து, நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று பிலிப் ஸ்க்லேட்டர் 1864-ல் எழுதினார். அன்றைக்கு நிலம் பக்கவாட்டில் நகரும் என்று யாரும் ஏற்கவில்லை, அதனால் அது நியாயமான ஊகம். பிறகு இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கொண்ட தென்மதுரையோடு இதை முடிச்சுப் போட்டுவிட்டோம். கண்டத்துப் பாறை எடை குறைந்தது, கட்டையைப்போல மிதப்பது; ஒரு கண்டம் அப்படியே கடலடியில் போய் உட்கார முடியாது. கடல்கோள் நினைவு முழுக்கப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம், குமரிக்குத் தெற்கேயும் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த நிலம் கடலுக்குள் போனது உண்மை. அதற்கு மடகாஸ்கர் வரை நீளும் கண்டம் தேவையில்லை என்பது என் கட்சி. பின்னூட்டத்தில் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

என்னை உறுத்துவது வேறு. எரிமலைக் கதையையும் லெமூரியாவையும் இவ்வளவு பேசும் ஊரில், கண்முன்னே இருக்கும் பாறை பேச்சில் வருவது அதற்கு விலை வரும்போதுதான். மேலூர், கீழவளவு, கீழையூர்ப் பக்கம் குன்றுகளையே காணோம், பச்சைத் தண்ணீர் தேங்கிய சதுரக் குழிகள் இருக்கின்றன. 2012-ல் அன்றைய ஆட்சியர் உ. சகாயத்தின் அறிக்கை கிரானைட் முறைகேட்டு இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. ரெண்டே வருடத்தில் அதே வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்ட பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வெட்டிப் போன கல் எங்கே போனது என்றால், உலகம் முழுக்க சமையலறை மேடைகளுக்கு. வெளுத்த நிறத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு ஒரு கல் இருக்கிறது, வியாபாரப் பெயர் காஷ்மீர் ஒயிட். காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மதுரைப் பக்கம் வெட்டியது. கடைக்காரர் கிரானைட் என்பார், அது நைஸ் வகை. அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட். கோமேதகம் இந்தக் குடும்பம்தான். உங்கள் வீட்டு அடுப்பு மேடையில் அந்தப் புள்ளி இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். அது உருவானபோது அதற்கு மேலே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமாக மலை இருந்தது.