நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்தும்

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லைகளிலும் திருச்சி வட்டார மேட்டு நிலங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இதன் இலையிலிருந்து கிடைத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரு மருந்துகள் உலகெங்கும் புற்றுநோய்க்குத் தரப்படுகின்றன. அப்படியானால் இலையைக் கஷாயமாக்கிக் குடித்தால் போதாதா? போதாது, ஆபத்தும் உண்டு. காரணத்தைக் காண்போம்.

கண்டறிந்த விதம்

ஜமைக்கா தீவில் இவ்விலையைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தினர். 1952-ல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள் இதைச் சோதிக்கலானார். இலைச்சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது இரத்தப் புற்றுநோய் ஆதலால், சாற்றிலுள்ள பொருளைத் தேடினார். 1958-ல் சார்லஸ் பீர் என்பவருடன் சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்.

பிரித்தலும் சோதித்தலும்

இலைத்தூளை மென்மையான அமிலத்தில் ஊறவைத்தால் ஆல்கலாய்டு எனும் காரப்பொருள்கள் கரைந்து வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதலில் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த புற்றணுக்களிலும், அடுத்து எலிகளிலும், இறுதியில் நோயாளிகளிடமும் சோதிப்பர். கண்ணாடிக் கலத்தில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் பல. அவற்றுள் மருந்தாகத் தேறுபவை மிகச் சிலவே.

கஷாயம் ஏன் கூடாது?

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. இலையில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும் உள்ளன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கும் என்று அளக்க முடியாது. மருந்தோ அணுக்கள் பிரிவதைத் தடுப்பது. அளவு மீறினால் நல்ல அணுக்களையும் கெடுக்கும். எனவே மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, அளந்து, ஊசி மூலம் செலுத்துகிறார்.

பயிரிட விரும்புவோருக்கு

நீர் தேங்கும் ஸ்ரீரங்கத்து நெல் வயல் இதற்கு ஆகாது, வேர் அழுகும். மணப்பாறை போன்ற மானாவாரிப் பகுதிகளின் வடிகாலுள்ள செம்மண் ஏற்றது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விடவும். 6, 9-ஆம் மாதங்களில் இலையும், 12-ஆம் மாதத்தில் இலையோடு வேரும் எடுத்து நிழலில் உலர்த்தலாம். வாங்குவோரை உறுதி செய்துகொண்ட பின்னரே விதைக்கவும். ஆடுமாடுகள் தின்னாமல் காக்கவும்.

ஆறாத புண், கரையாத கட்டி கண்டால் கஷாயத்தில் நாளைக் கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செடியை வளர்ப்பது நம் தொழில். மருந்தை அளந்து தருவது மருத்துவர் தொழில்.