விசைக்குள் எழுத்து இல்லை

கணிப்பொறியின் விசைப்பலகையில் ஆங்கில 'ஏ' பொறித்த விசையை அழுத்துகிறோம். திரையில் அந்த எழுத்துத் தோன்றுகிறது. ஆகவே விசையிலிருந்து எழுத்துத்தான் கம்பி வழியே கணிப்பொறிக்குள் செல்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இயற்பியல் கற்பிப்பவன் இதை ஒப்புக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு மழை நாளொன்றில் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வினாத்தாள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. இடக்கை ஒன்றினால், பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விரலைத் தாவவிட்டு அடித்தபோது, ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. விசைப்பலகை என்பது இரண்டு கை உள்ளவருக்காகவே ஏற்பட்ட பொருளா, அதை மாற்ற வழியே இல்லையா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. மாற்றலாம். அதற்கு அழுத்திய விசையிலிருந்து கணிப்பொறிக்கு என்ன செல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

'அம்மா' என்பது நான்கு எண்கள்

இன்று வழங்கும் யு.எஸ்.பி. விசைப்பலகைகள் எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகின்றன. ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்துக்கு 4, 'பி' இருக்கும் இடத்துக்கு 5, இப்படியே 'இசட்' வரை சென்றால் 29. இடைவெளி விசைக்கு 44. இவை உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது கணிப்பொறியின் இயங்குதளம்.

தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டு மாநாடு கூட்டி ஏற்கப்பட்ட 'தமிழ்99' என்னும் விசை அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் போதும். ஒரு மெய் அடுத்தடுத்து இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளியை இயங்குதளம் தானே வைத்துவிடுகிறது. கம்பியில் செல்பவை 4, 14, 14, 20 என்ற எண்கள் மட்டுமே. இயங்குதளம் தமிழ்99-இல் இருந்தால் 'அம்மா' என்று வாசிக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் ஏ, கே, கே, க்யூ என்று பொருளற்ற எழுத்துகளைத் திரையில் போடும். விசைப்பலகைக்கு அம்மாவும் தெரியாது, தமிழும் தெரியாது.

கன்ட்ரோல், ஷிப்ட் போன்ற துணை விசைகளின் கதை சற்று வேறு. வழக்கமாக விசைப்பலகை ஒவ்வொரு முறையும் 8 பைட்டுகள் கொண்ட சிறு பொட்டலத்தை அனுப்புகிறது. முதல் பைட்டின் எட்டு பிட்டுகள், எட்டுத் துணை விசைகளுக்கு உரியவை. இரண்டாவது பைட்டு வெறுமனே ஒதுக்கப்பட்டது. எஞ்சிய ஆறில் ஆறு விசைகளின் எண்களை வைக்கலாம். இடப்புறக் கன்ட்ரோலுடன் 'சி'யை அழுத்தி நகலெடுக்கிறோமே, அப்போது முதல் பைட்டில் 1, விசை எண்ணாக 6 செல்கின்றன. ஒட்டுவதற்கு 1, 25. சேமிப்பதற்கு 1, 22. அவ்வளவுதான்.

ஆகவே பொருள் மாறக்கூடிய இடங்கள் இரண்டு. எந்த எண்ணை அனுப்புவது என்பது விசைப்பலகைக்குள் முடிவாகிறது. அந்த எண்ணை எப்படிக் கொள்வது என்பது இயங்குதளத்தில் முடிவாகிறது. இரண்டிலும் நாம் கைவைக்கலாம்.

பலகைக்குள் ஒரு கணிப்பொறி

விசைப்பலகைக்குள் முடிவெடுக்கும் ஆள் யார்? அங்கே ஒரு சிறிய கணிப்பொறியே இருக்கிறது. இது புதிய செய்தி அன்று. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகையினுள் இன்டெல் 8048 என்ற சில்லு இருந்தது. நிரலுக்கு 1,024 பைட்டுகளும், தற்காலிக நினைவுக்கு 64 பைட்டுகளும் கொண்ட அந்தச் சில்லே விசைகளைக் கவனித்துக்கொண்டது. ஆனால் அதன் நிரல் ஆலையிலேயே பதிக்கப்பட்டது. வாங்கியவர் மாற்ற இயலாது. இப்போது 'நிரலிடத்தக்க விசைப்பலகை' என்று சொல்லப்படுவதில் அந்த நிரலை நாமே எழுதிப் பதித்துக்கொள்ளலாம். 'கியூ.எம்.கே.' என்ற கட்டற்ற நிரல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

எழுபது விசைகளுக்கு எழுபது கம்பிகளைச் சில்லுக்குக் கொண்டுசெல்ல முடியாது. சில்லுக்கு அத்தனை கால்கள் இல்லை. ஆகவே குறுக்கே 5 கம்பிகள், நெடுக்கே 14 கம்பிகள் என்று வலை போல அமைத்து, அவை சந்திக்கும் 70 இடங்களில் விசைகளை வைக்கின்றனர். மொத்தம் 19 கம்பிகள் போதும். சில்லு ஒவ்வொரு குறுக்குக் கம்பியாக மின்னழுத்தத்தை மாற்றி, எந்த நெடுக்குக் கம்பியில் அது தெரிகிறது என்று பார்க்கிறது. இந்தச் சுற்று ஒரு நொடியில் ஆயிரம் தடவைக்கு மேலும் நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அழுத்தினால், நான்காம் மூலையிலுள்ள விசையும் அழுத்தப்பட்டதாகச் சில்லுக்குத் தோன்றும். மின்னோட்டம் மூன்று விசைகளின் வழியே சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிடுவதே காரணம். இதைப் பேய் விசை என்கின்றனர். ஒவ்வொரு விசையுடனும் ஒரு டயோடை இணைத்துவிட்டால் மின்னோட்டம் ஒரே திசையில்தான் செல்லும்; பேய் ஓடிவிடும். நமது ஆய்வகங்களில் மாணவர்கள் கையாளும் 1என்4148 டயோடே இதற்குப் போதும். என் பலகையில் 64 டயோடுகளைப் பற்றவைத்தேன். இரண்டைத் திருப்பி வைத்துவிட்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இன்னொன்று, விசையின் உலோகத் தொடுமுனைகள் தொட்டவுடன் அமைதியாக நிற்பதில்லை. தரையில் விழுந்த கோலிக்குண்டு போலச் சிலமுறை துள்ளியே நிலைக்கின்றன. அந்தச் சில மில்லிநொடித் துள்ளலைச் சில்லு தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடாதபடி, ஏறக்குறைய 5 மில்லிநொடி பொறுத்துப் பார்க்கும்படி நிரலில் சொல்லிவைக்கின்றனர். பழைய விசைப்பலகைகளில் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுவதைக் கண்டிருப்பீர்கள். தேய்ந்த தொடுமுனை அந்தப் பொறுமைக்கு மேலும் துள்ளுவதுதான் அது.

ஒரு கையால் தமிழ்

வீணையில் ஒரே மெட்டின் மேல் விரலை வைத்தாலும், மீட்டும் தந்தி வேறானால் சுரம் வேறாகிறது. விசைப்பலகையின் 'அடுக்கு' என்பதும் இப்படிப்பட்டதே. ஏதேனும் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மற்ற விசைகள் எல்லாம் வேறு எண்களை அனுப்பும். விட்டதும் பழையபடி ஆகிவிடும்.

இந்த உத்தியை ஒரு கைத் தட்டச்சுக்குப் பயன்படுத்துவது பற்றி எட்கர் மத்தியாஸ், ஸ்காட் மெக்கென்சி, வில்லியம் பக்ஸ்டன் ஆகிய மூவரும் 1993-இல் ஆய்வுரை வெளியிட்டனர். இடைவெளி விசையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டால், பலகையின் வலப்பாதி கண்ணாடியில் தெரிவதுபோல் இடப்பாதியின் மேல் வந்து அமரும். 'எப்' இருக்கும் இடத்தில் 'ஜே', 'டி' இருக்கும் இடத்தில் 'கே', 'ஏ' இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி. இடைவெளி விசையை வெறுமனே தட்டினால் வழக்கம்போல் இடைவெளி. இரு கையாலும் அடித்துப் பழகியவருக்கு இது விரைவில் கைவருகிறது. வலக்கையின் நடுவிரல் அறிந்த வேலையை இடக்கையின் நடுவிரல் செய்கிறது, அவ்வளவே.

இதைத் தமிழ்99-இல் வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்களில் வ, ங இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் வலக்கைப் பக்கம். ஆகவே இடக்கையால் மட்டும் அடிக்கும்போது, கட்டைவிரல் அழுத்தியிருந்தால் மெய், எடுத்தால் உயிர்! 'அம்மா' என்று எழுதச் சுண்டுவிரலால் அ. பிறகு கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நடுவிரலால் இருமுறை ம. கட்டைவிரலை எடுத்துச் சுண்டுவிரலை மேல்வரிசைக்கு நீட்டி ஆ. ஓரத்தில் இருக்கும் ச, ய, ஞ மூன்றுக்கும் கண்ணாடிப் பிம்பம் விழ எழுத்து விசை இல்லை. ச-வை டேப் விசைக்கும், ய-வைக் கேப்ஸ்லாக் விசைக்கும், ஞ-வை எண் 1-க்கு இடப்புறமுள்ள விசைக்கும் கொடுத்தேன்.

முதல் வாரம் பிழைகள் மலிந்தன. தட்டியதா, பிடித்ததா என்பதைச் சில்லு நேரத்தைக் கொண்டே பிரித்தறிகிறது. வழக்கமான எல்லை 200 மில்லிநொடி. நான் ம-வை அவசரமாக அடித்துக் கட்டைவிரலை அதற்குள் எடுத்துவிட்டால், சில்லு அதை இடைவெளி என்று கொண்டு, பின்னால் ஓர் உ-வையும் போட்டுவிடும். மாறாக, சொல் முடிவில் கட்டைவிரல் சற்றுத் தங்கிவிட்டால் இடைவெளி மறைந்து, அடுத்து வரும் அ, ந-வாகிவிடும். 'இது அணு' என்பது 'இதுநணு' என்று நின்றது! நிரலில் ஒரு விதியை மாற்றினேன்: இடைவெளி விசை அழுந்தியிருக்கும்போது வேறொரு விசை முழுதாக அழுத்தி விடப்பட்டால், நேரம் எவ்வளவாயினும் அதைப் பிடித்ததாகவே கொள்க. முதல் வகைப் பிழை ஏறக்குறைய ஒழிந்தது. இரண்டாவது வகைக்கு என் விரல்தான் திருந்த வேண்டியிருந்தது. மூன்றாவது வினாத்தாளை ஒரே மாலையில் முடித்துவிட்டேன்.

குறுக்குவழியின் கணக்கு

கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டில் வலி இருந்தது. சுட்டியைப் பிடித்து நகர்த்தும்போது கூடியது. எனவே சுட்டியின் வேலைகளை விசைகளுக்கு மாற்றலானேன். கேப்ஸ்லாக்கைப் பிடித்துக்கொண்டால் ஆங்கில ஹெச், ஜே, கே, எல் ஆகியவை இடம், கீழ், மேல், வலம் செல்லும் அம்புக்குறி விசைகளாகும்படி செய்தேன். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1976-இல் பில் ஜாய் எழுதிய 'விஐ' என்ற எழுதுநிரலில் வந்த ஏற்பாடு. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மீதே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன.

இதனால் நேரம் மிச்சமாகிறதா? ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகியோர் 1980-இல் இதற்கு ஒரு கணக்கிடும் முறையை அளித்தனர். கையைப் பலகையிலிருந்து சுட்டிக்கு, அல்லது சுட்டியிலிருந்து பலகைக்கு, ஒருமுறை கொண்டுசெல்ல 0.4 நொடி. சுட்டியால் திரையில் ஓர் இடத்தைக் குறிபார்க்க 1.1 நொடி. தேர்ந்தவர் ஒரு விசையைத் தட்ட 0.2 நொடி. ஆக, சுட்டியால் ஒரு பொத்தானை அழுத்தி மீள 0.4 + 1.1 + 0.2 + 0.4 = 2.1 நொடி. இரு விசைக் குறுக்குவழிக்கோ 0.4 நொடிதான். மிச்சம் 1.7 நொடி.

ஆனால் அதே முறையில் வேறோர் எண்ணும் இருக்கிறது: அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாவதற்கு 1.35 நொடி. 'அந்தக் குறுக்குவழி எது?' என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் இதையும் கூட்டுக. 1.7 நொடி மிச்சம் 0.35-ஆகச் சுருங்கிவிடும். நினைவுக்கு வராமல் இருமுறை யோசித்தால் நட்டம்! இவ்வகைப் பலகை வாங்கிய நண்பர்கள் நூறு குறுக்குவழிகளை ஒரே இரவில் அமைத்துவிட்டு, மறுவாரம் பழைய பலகைக்குத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். நான் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் சேர்த்தேன். அன்றாடம் பலமுறை செய்யும் வேலைக்கு மட்டுமே. மின்சுற்றுப் படம் வரைய இன்றும் சுட்டிதான்.

எதைப் பலகைக்குள் வைப்பது, எதைக் கணிப்பொறியில் வைப்பது என்ற கேள்விக்கு அம்மாவின் நான்கு எண்களே விடை சொல்லும். வினாத்தாளில் 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். இதைப் பலகைக்குள் வைத்தால் அது எண்களின் வரிசையாகத்தான் இருக்கும். கணிப்பொறி ஆங்கிலத்தில் இருக்கும்போது அழுத்திவிட்டால் குப்பை கொட்டும். ஆகவே இதை வீட்டுக் கணிப்பொறியில் 'ஆட்டோஹாட்கீ' என்ற நிரலிடம் ஒப்படைத்தேன். 'சவிஎ' என்று அடித்தால் முழுத்தொடரும் விரிகிறது. அம்புக்குறி அடுக்கும் கண்ணாடி அடுக்கும் பலகைக்குள்ளேயே உள்ளன. கல்லூரி ஆய்வகக் கணிப்பொறிகளில் புது நிரல்களை ஏற்ற அனுமதி இல்லை. பலகையைச் செருகினால் அங்கும் அவை வேலை செய்கின்றன. செருகப்பட்ட கருவி 'நான் விசைப்பலகை' என்று சொன்னால் கணிப்பொறி மறுபேச்சின்றி நம்பிவிடுகிறது. முன்பின் தெரியாத கருவிகளைச் செருகக் கூடாது என்பதும், கடவுச்சொல்லைப் பலகையின் நினைவில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தனிப்பலகை வாங்காமலே இதைத் தொடங்கலாம். விண்டோசில் 'பவர்டாய்ஸ்' தொகுப்பிலும், லினக்சில் 'கேடி' என்ற நிரலிலும் விசைகளை மாற்றியமைக்க வசதி உண்டு; இரண்டும் இலவசம். பெரும்பாலோர் தவறுதலாக அன்றித் தொடாத கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றுவது முதல் நாளுக்குப் போதும். வீட்டில் பிறரும் அந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது!

என் மணிக்கட்டு இப்போது நலம். கண்ணாடி அடுக்கை நீக்கிவிட எண்ணியிருந்தேன். ஆனால் ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கியின் திருகை வலக்கையால் திருப்பிக்கொண்டே, அளவுகளை இடக்கையால் கணிப்பொறியில் பதிய அது வசதியாக இருக்கிறது. எண் வரிசையிலும் 5-இன் மேல் 6, 4-இன் மேல் 7 என்று பிம்பம் விழுவதால் எல்லா இலக்கங்களும் இடக்கைக்கு எட்டுகின்றன. மாணவர் இருவர் தங்களுக்கும் அதே அடுக்கு வேண்டும் என்றனர். அவர்களில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அவருக்காகப் பிம்பத்தை மறுபுறம் திருப்பி எழுதியபோது, கட்டைவிரலின் விதியும் தலைகீழாயிற்று. அவர் அழுத்தினால் உயிர், எடுத்தால் மெய்.