கூட்டில் குஞ்சு இருக்கிறது… சொல்லலாமா?



வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? இரைச்சல்தான் மிஞ்சும். கணினித் திரை வழியே நடக்கும் கூட்டமும் அப்படித்தான். அதற்கு 'வெபினார்' என்று பெயர். 'வெப்' என்றால் இணையம். 'செமினார்' என்றால் கருத்தரங்கு. இரண்டும் சேர்ந்து 'வெபினார்' ஆனது.

காட்டையும் கடலையும், அங்கு வாழும் உயிர்களையும் காக்கப் பாடுபடும் விஞ்ஞானிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனாவால் பயணங்கள் நின்றபோது, அவர்களில் பலர் வெபினாரில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால், நமக்கு இரவு 8.30 மணி. ஆனாலும் எல்லோரும் ஒரே கூட்டத்தில்! சில கூட்டங்களில் பொதுமக்களும் மாணவர்களும்கூட கலந்துகொள்ளலாம்.

நானும் ஒரு முறை சேர்ந்தேன். பறவைகளைப் பற்றி ஒருவர் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று 'கடகட'வென்று சத்தம். 'யார் வீட்டு கிரைண்டரோ!' என்று நானும் சிரித்தேன். கடைசியில் பார்த்தால், அது எங்கள் வீட்டு கிரைண்டர்! மைக்கை நிறுத்த மறந்துவிட்டேன். வகுப்பில் 'சத்தம் போடாதே' என்று சொல்லியே பழகிய எனக்கு அன்று நல்ல பாடம்!

சரி, வெபினாரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

* ஐந்து நிமிடம் முன்பே சேருங்கள்.
* மற்றவர் பேசும்போது மைக்கை நிறுத்தி வையுங்கள்.
* சந்தேகம் வந்தால் கை தூக்கும் பொத்தானை அழுத்துங்கள். அல்லது கேள்விப் பெட்டியில் சுருக்கமாக எழுதுங்கள்.
* அனுமதி இல்லாமல் திரையைப் படம் பிடிக்காதீர்கள்.
* முடிந்ததும் நன்றி சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அரிய உயிரினம் இருக்கும் இடத்தை எல்லோர் முன்பும் சொல்லக் கூடாது!

ஏன் தெரியுமா? 1999-ல் தெற்குச் சீனாவில் வாழும் ஓர் அழகிய பல்லியைப் புதிய இனம் என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வழக்கம்போல, அது கிடைத்த இடத்தையும் எழுதினார்கள். அதைப் படித்த சிலர், செல்லப் பிராணியாக விற்பதற்காக அங்கே போய்ப் பிடிக்க ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த இடத்தில் அந்தப் பல்லி அற்றுப்போனது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு கதை. 1994-ல் அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் 'வொலமை பைன்' என்ற மிகப் பழமையான மர இனம் உயிரோடு இருப்பது தெரிந்தது. காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு. காலணி மண்ணில் ஒட்டி வரும் நோய்க்கிருமியே அவற்றைக் கொன்றுவிடலாம். அதனால் இடத்தை ரகசியமாக வைத்தார்கள். பிற்பாடு அங்கே பெரும் காட்டுத்தீ பரவியபோது தீயணைப்பு வீரர்கள் போராடி அந்த மரங்களைக் காப்பாற்றினார்கள். 2020 ஜனவரியில் அந்தச் செய்தி வெளிவந்தது. அப்போதும் இடத்தைச் சொல்லவில்லை!

ஆகவே, கூட்டில் குஞ்சைப் பார்த்தால், "எங்கள் மாவட்டத்தில் பார்த்தேன்" என்று சொன்னால் போதும். கைப்பேசியில் எடுத்த படத்திலும் இட விவரம் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டு அனுப்ப அப்பா, அம்மாவிடம் உதவி கேளுங்கள்.

முன்பின் தெரியாதவர்களிடம் உங்கள் வீட்டு முகவரியைச் சொல்வீர்களா? மாட்டீர்கள் அல்லவா? பறவையின் வீட்டு முகவரியும் அப்படித்தான், குழந்தைகளே!