மேஜரா, மைனரா? பொருளியல் படிக்கும் முன் ஆவுடையார்கோவில் மாணவர்கள் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஆவுடையார்கோவில் பக்கத்து வீடுகளில் பேச்சு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். முதலில் நர்சிங், இன்ஜினீயரிங். அடுத்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம். இதில் எதுவும் அமையவில்லை என்றால், “சரி, பி.ஏ. எகனாமிக்ஸ் போட்டுவிடு, டிகிரின்னு ஒண்ணு இருக்கட்டும்.”

இப்படி மிச்சமிருக்கும் சீட்டாக வந்து சேரும் பாடம்தான், ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை முதல் இந்தியப் பொருளாதாரப் பணி வரை பல இடங்களுக்கு நுழைவுச்சீட்டு. அரியலூரில் பிறந்து, திருச்சி நேஷனல் கல்லூரியிலும் சென்னை லயோலா கல்லூரியிலும் படித்த சி.ரங்கராஜன், 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தார். பொருளியல் என்ற பெயர் மட்டும் யாரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதோடு வேறு என்ன சேர்த்துப் படிக்கிறோம், அதை எப்போது முடிவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேஜர், மைனர், அலைடு: என்ன வித்தியாசம்?

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். இதில் மேஜர், அதாவது முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 60 அல்லது 80. மைனர், அதாவது துணைத்துறைக்கு 24 அல்லது 32. ஒரு தாள் நான்கு கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளில் ஆறு தாள் எழுதினாலே ஒரு மைனர் கைக்கு வந்துவிடும்.

ஆனால் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. அதனால் அரசு கலைக் கல்லூரிகளில் பழைய மூன்றாண்டு முறையே தொடர்கிறது. இங்கே மைனர் என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த வேலையைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேஜரோடு வரும் அலைடு பாடம். மற்றொன்று, வேறு துறை மாணவர்கள் எடுக்கும் ‘நான் மேஜர் எலெக்டிவ்’. பல மாணவர்கள் இவற்றை ‘பாஸ் ஆனால் போதும்’ என்று கடத்திவிடுகிறார்கள். உண்மையில், மேஜருக்குப் பக்கத்தில் என்ன வைப்பது என்பதை மாணவர் தானே தேர்வு செய்ய முடிகிற சில இடங்களில் அவையும் உண்டு.

முதல் கேள்வி: கணக்கு இருக்கா?

பொருளியலுக்குக் கணக்கு வேண்டாம் என்பது நம் ஊர்களில் பரவலான நம்பிக்கை. பி.ஏ. சேர்வதற்கு அது சரியாக இருக்கலாம். அடுத்த படிக்கு சரிவராது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் எகனாமிக்ஸ் சேர 12-ம் வகுப்பில் கணிதம் கட்டாயம். நல்ல முதுநிலைப் படிப்புகளின் நுழைவுத் தேர்வுகளில் நுண்கணிதமும் புள்ளியியலும் கேட்கப்படுகின்றன. எகனாமெட்ரிக்ஸ் தாளைக் கணக்கில்லாமல் தொடவே முடியாது.

அதனால் உண்மையான முடிவு கல்லூரி வாசலில் எடுக்கப்படுவதில்லை. 10-ம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. வணிகவியல் குரூப்பில் சேருகிறவர்கள், பள்ளியில் இருந்தால், கம்ப்யூட்டர் அப்ளிகேஷனுக்குப் பதில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுப்பதை யோசிக்கலாம். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டவர்கள் கல்லூரியில் அலைடாகக் கணிதமோ புள்ளியியலோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால், முதல் ஆண்டு விடுமுறையிலேயே வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு மூன்றையும் பள்ளிப் புத்தகத்திலிருந்து படித்து முடித்துவிடுவது நல்லது.

எங்கே படிக்கலாம்?

அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஆவுடையார்கோவில். தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் அறந்தாங்கி அரசு கலை அறிவியல் கல்லூரி. கொஞ்சம் தள்ளி புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரி. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த மீடியம், என்ன அலைடு என்பதை அரசு கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் வரிசை கொடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். முதுநிலைக்கு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், 1993-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் எனப் பல வாசல்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ‘க்யூட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

செலவு விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவு, புத்தகம், ஒரு நுழைவுத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு இது பெரிய கை.

எதோடு எதைச் சேர்க்கலாம்?

*ஆய்வு, ரிசர்வ் வங்கி, ஐஈஎஸ்:* பொருளியல் மேஜர், கணிதம் அல்லது புள்ளியியல் துணை. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியலில் முதுநிலைப் பட்டம் தேவை; வயது 21 முதல் 30 வரை. அதாவது இது மூன்று ஆண்டுத் திட்டமில்லை, ஐந்து ஆண்டுத் திட்டம்.

*டிஎன்பிஎஸ்சி:* பொருளியல் மேஜர், வரலாறு அல்லது அரசியல் அறிவியல் துணை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஆனால் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். இடையில் மீடியம் மாற்றும் முன் இதை ஒரு தடவை யோசியுங்கள்.

*டேட்டா வேலை:* பொருளியலோடு கணினி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-ல் அனுமதி தந்தது. ஐஐடி மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பைக் கல்லூரியில் இருந்துகொண்டே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

*ஆசிரியர் பணி:* எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம்.

வேறு மேஜர் எடுத்தவர்களுக்கு?

விவசாயம், நர்சிங், இன்ஜினீயரிங் படிப்பவர்களுக்குப் பொருளியலைத் துணையாக வைத்துக்கொள்வது வீண் இல்லை. நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், இந்தியப் பொருளாதாரம் ஆகிய நான்கு தாள்கள் படித்தாலே அடித்தளம் கிடைத்துவிடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் வழி அடைக்கப்படவில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பொருளியலில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். ரகுராம் ராஜன் முதலில் படித்தது டெல்லி ஐஐடியில் மின் பொறியியல்தான்.

ஊரே ஒரு பாடம்

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆய்வு செய்யச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன், கூலி எவ்வளவு என்று அவர்கள் எழுதிவந்தது 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு கிராமம், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை அறந்தாங்கிப் பகுதியும் அந்தத் தஞ்சை மாவட்டத்தில்தான் இருந்தது. ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ 1930-களில் மறுபடியும், அதன் பிறகு பல முறையும் ஆய்வு செய்யப்பட்டன. அந்த நீண்ட வரலாற்றின் முதல் பக்கத்தை எழுதியவர்கள் ஊரிலிருந்து போன கல்லூரி மாணவர்கள்.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மழையையும் கண்மாயையும் நம்பிய நெல் விவசாயம், மீமிசல் பக்கம் கடல் தொழில், வீட்டுக்கு வீடு வெளிநாட்டுச் சம்பளம், மகளிர் குழுக் கடன். சொந்த போர்வெல் இருப்பவர் கண்மாய் மராமத்துக்கு வருவாரா? வரத்துவாரியை யார் செலவில் தூர்வாருவது? பொதுச் சொத்தை மக்களே கூடி எப்படிப் பராமரிக்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியை ஆராய்ந்ததற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவருடைய டாக்டர் பட்டம் அரசியல் அறிவியலில்!

சேரும் முன் ஒரு செக் லிஸ்ட்

- கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, புள்ளியியல் எத்தனை தாள் இருக்கிறது என்று பாருங்கள்.
- அலைடு பாடத்தை மாணவர் தேர்வு செய்யலாமா, கல்லூரியே தருகிறதா என்று கேளுங்கள்.
- முதல் ஆண்டு முடிவதற்குள் ஆய்வா, அரசுத் தேர்வா, தனியார் வேலையா என்று ஒரு திசையை முடிவு செய்யுங்கள்.
- இரண்டாம் ஆண்டில் எக்செல் பழகி, சொந்த ஊரில் முப்பது வீட்டிலாவது ஒரு சின்ன கணக்கெடுப்பு செய்யுங்கள். எம்.ஏ. நேர்காணலில் பேச உங்களிடம் சொந்தமாக ஒன்று இருக்கும்.
- மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே முதுநிலை நுழைவுத் தேர்வுத் தேதிகளைக் குறித்து வையுங்கள். கடைசி செமஸ்டர் முடிந்த பிறகு தேடினால், பல இடங்களில் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.