ஆடா, நாயா? டி.என்.ஏ.விடம் கேட்போம்

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சியை எழும்பூரில் பறிமுதல் செய்தார்கள். வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறியோ என்று ஒரு சந்தேகம். அது வாட்ஸ்அப்பில் 'நாய்க்கறியேதான்' என்று பரவி, பிரியாணி சாப்பிடவே ஜனங்க யோசிச்சாங்க. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை முடிவு சில நாள் கழித்து வந்தது: ஆட்டுக்கறிதான். அதற்குள் வியாபாரம் அடிவாங்கியாச்சு. இந்தச் சில நாட்களைச் சில மணி நேரமாகக் குறைக்க முடியுமா?

முடியும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு, ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கும். அதிலுள்ள 'சைட்டோகுரோம் பி' மரபணு ஆட்டுக்கு ஒரு மாதிரி, மாட்டுக்கு ஒரு மாதிரி, நாய்க்கு வேற மாதிரி. கறியை வேகவைத்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகும். ஆனால் 100, 200 எழுத்து நீளத் துண்டு மிஞ்சினாலே சோதனைக்குப் போதும்.

அந்தத் துண்டைப் பெருக்குவதுதான் கொரோனா புண்ணியத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் வெப்பத்தை ஏற்றி இறக்க அதற்கென்று ஒரு கருவி வேண்டும். 2000-இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட 'லாம்ப்' முறைக்கு அது தேவையில்லை. 60-65 டிகிரியில் நிலையாக வைத்தால் போதும், பெருக்கம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சாயம் கலந்திருந்தால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, இது கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கோப்பில் ஒரு சொல்லைத் தேடுகிற மாதிரிதான். நாய்க்கான 'பிரைமர்' போட்டால் நாய் உண்டா இல்லையா என்று தெரியும். பன்றி கலந்திருந்தால் அது தெரியவே தெரியாது.

இரண்டாவது, அளவு. 2013 ஜனவரியில் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களின் சோதனை முடிவை வெளியிட்டது. 10-இல் குதிரை டி.என்.ஏ. இருந்தது. ஆனால் ஒன்பதில் வெறும் துளிதான். ஒன்றில் மட்டும் மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் 29%. துளி என்பது கழுவாத கத்தியிலிருந்தும் வரலாம், 29% அப்படி வராது. வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அதனால், இனி 'கலப்படம் உறுதி' என்று செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் ரெண்டே கேள்வி கேளுங்க: எந்தெந்த விலங்குக்குச் சோதித்தார்கள்? எவ்வளவு இருந்தது?