மரத்துப்போன பாதங்கள்

பாதம் மரத்திருக்கிறது, எரிகிறது, எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று முறையிடுவோர் நம் நாட்டில் அநேகர். வயோதிகமென்றும் வாயுவென்றும் சொல்லி, தைலம் தேய்த்துக் காலங்கழிப்பதே வழக்கமாகிவிட்டது. மரப்பு தனியொரு வியாதியன்று, வியாதியின் அறிகுறி. மூளைக்கும் முதுகுத் தண்டிற்கும் வெளியே, கைகால்களில் ஓடும் நரம்புகள் கெடுவதால் விளைவது. கெடுக்கும் காரணமோ பல. காரணம் அறியாமல் செய்யும் சிகிச்சை வீண் என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.

ஜாவாவில் 1890-களில் பெரிபெரி நோய் கால்களை முடக்கியது. கிருமியே காரணமெனத் தேடிய எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்ததையும், தீட்டாத அரிசி தின்றபின் எழுந்ததையும் கண்டார். மருந்து தவிட்டில் இருந்தது! 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நோயின் போக்கே காரணத்தைக் காட்டும். இரு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறினால், முதலில் நீரிழிவைச் சந்தேகிக்க வேண்டும். 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேல். மதுப்பழக்கமும், பி12 வைட்டமின் குறைவும் இவ்வாறே செய்யக்கூடும். உணர்ச்சியற்ற வெளிறிய படையும் தடித்த நரம்பும் தொழுநோயின் அடையாளங்கள். அந்நோய் தேச அளவில் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டதென 2005-ல் கணக்கிடப்பட்டது. எனினும் 2022-23-ல் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1 லட்சத்திற்கு மேல். காசநோய்க்கு அளிக்கும் ஐஸோனியாஸிட் மருந்தும் நரம்பைக் கெடுக்கலாம். பி6 வைட்டமின் சேர்த்தளித்தால் தடுக்கலாம். சில தினங்களுக்குள் கால்கள் வலுவிழந்து, பலவீனம் மேலேறுமாயின் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம், சுவாசத்தையே நிறுத்தவல்லது. க்ஷணமும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையும் ஓர் இசைக்கவையும் இருந்தால், பாதத்தின் உணர்ச்சியைச் சில நிமிஷங்களில் சோதித்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இச்சோதனை நடைபெற வேண்டும். நமது தேசத் தொண்டர்களும் கிராமங்களில் இதனை எடுத்துரைக்க வேண்டும். வெறுங்காலுடன் வயலில் உழைப்பவன், தைத்த முள்ளை உணராமல், புண் புரையோடிக் காலையே இழக்கிறான். அவன் கால் போனால் குடும்பத்தின் சோறு போயிற்று. ஓர் இழையால் காக்கக்கூடிய காலை வாளால் அறுக்க விடுவது நியாயமாகுமா?