மாண்டவர்க்காக வென்ற கோப்பை

கால்பந்தாட்டத்தில் ஒரு குழு வென்றால், கோல் போட்டவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். அந்தப் பதினொருவரையும் தேடிக் கண்டு, பழக்கி, ஒரே மனத்தினராக ஆக்கியவரோ மைதானத்தின் ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருப்பார். அவரே குழுவின் மானேஜர். வென்றால் புகழ் வீரர்களுக்கு. தோற்றால் பழி அவருக்கு. இப்பொறுப்பைக் கால் நூற்றாண்டுக் காலம் சுமந்தவர் மாட் பஸ்பி. விளையாட்டில் நாட்டமில்லாதோரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

சுரங்கத்திலிருந்து மைதானத்திற்கு

பஸ்பி 1909-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் பெல்ஸ்ஹில் என்னும் ஊரருகே ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முதல் உலகப் போரில் 1917-ஆம் ஆண்டு, ஆராஸ் போர்முனையில் பகைவர் குண்டுக்கு அவர் இரையானார். தாயார் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். பஸ்பியும் இளமையிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்தார். அமெரிக்காவில் குடியேறிவிடலாம் என்று தாயார் ஏற்பாடு செய்துகொண்டிருந்த வேளையில், 1928-இல் மான்செஸ்டர் சிட்டி குழு அவரை வாரம் 5 பவுன் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது.

வெற்றி எளிதில் வந்துவிடவில்லை. முன்வரிசையில் ஆடிய அவருக்கு ஆட்டம் படியவே இல்லை. வீட்டிற்கே திரும்பிவிடலாமா என்று மனம் சோர்ந்த காலமும் உண்டு. பின்னர் அவரை இடைவரிசையில் ஆட வைத்தார்கள். அங்கே அவரது திறமை மலர்ந்தது. 1934-இல் எஃப். ஏ. கோப்பையை வென்ற குழுவில் அவரும் இருந்தார். 1936-இல் லிவர்பூல் குழுவில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அவரது ஆட்டக்காலம் முடிவுக்கு வந்தது.

ஆனால் அவர் கற்ற பாடம் வீணாகவில்லை. ஆற்றல் இல்லாதவன் என்று நாம் ஒதுக்கும் ஒருவன், தனக்குரிய இடம் கிடைக்காதவனாக இருக்கக்கூடும் என்பதே அப்பாடம்.

இடிந்த அரங்கமும் இளைய வீரர்களும்

1945-இல் மான்செஸ்டர் யுனைடெட் குழு அவரை மானேஜராக அழைத்தது. அப்போது அக்குழுவின் நிலை என்ன? அதன் ஓல்டு டிராஃபோர்டு அரங்கம் 1941-இல் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தது. சொந்த மைதானமின்றிச் சிட்டி குழுவின் மைதானத்தையே இரவல் வாங்கி ஆட வேண்டியிருந்தது. கடன் வேறு! குழுத் தலைவர் ஜேம்ஸ் கிப்சன் மூன்றாண்டு ஒப்பந்தம் தர முன்வந்தபோது, பஸ்பி ஐந்தாண்டு கேட்டுப் பெற்றார். நல்ல குழுவை வளர்க்க அவ்வளவு காலம் வேண்டும் என்று அவர் கருதினார்.

அக்கால மானேஜர்கள் பலர் அலுவலக அறையைவிட்டு வெளியே வருவதில்லை. பஸ்பியோ பயிற்சி உடை அணிந்து வீரர்களோடு மைதானத்தில் இறங்கினார். 1948-இல் எஃப். ஏ. கோப்பை கிட்டியது; 1952-இல் லீக் பட்டமும் கிட்டியது. ஆயினும் அக்குழுவில் பலருக்கு வயதாகிவிட்டதை அவர் உணர்ந்தார். பெரும் பணம் கொடுத்துப் புகழ்பெற்றவர்களை வாங்குவதையே நம்பியிராமல், பள்ளிப் பருவச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். உதவியாளர் ஜிம்மி மர்ஃபி அவர்களைப் பட்டை தீட்டினார். டங்கன் எட்வர்ட்ஸ் என்னும் இளைஞன் பெரிய குழுவில் முதன்முதலாக ஆடியபோது அவனுக்கு வயது 16 தான்! இந்த இளைய குழு 1956, 1957 ஆகிய ஈராண்டுகளிலும் லீக் பட்டம் வென்றது. மக்கள் அவர்களைப் 'பஸ்பியின் பிள்ளைகள்' என்றே அழைத்தனர்.

பனியில் உதிர்ந்த மலர்கள்

அப்போது ஐரோப்பியக் கோப்பைப் போட்டி புதிதாகத் தொடங்கியிருந்தது. ஆங்கிலக் குழுக்கள் அதில் கலந்துகொள்வதை லீக் நிர்வாகிகள் விரும்பவில்லை. எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது என்று நம்பிய பஸ்பி, எதிர்ப்பையும் மீறித் தம் குழுவை அழைத்துச் சென்றார்.

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள். யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடு நகரில் ஆடிவிட்டுத் திரும்பிய குழுவின் விமானம், எரிபொருள் நிரப்ப மியூனிக் நகரில் இறங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருமுறை மேலெழ முயன்று முடியாமல் விமானம் நின்றது. மூன்றாம் முறை, ஓடுபாதையில் உருகிக் கிடந்த பனிச்சேறு சக்கரங்களைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்தது. விமானம் மேலெழ இயலாமல் வேலியை உடைத்துச் சென்று ஒரு வீட்டில் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர். உயிரிழந்தவர்கள் 23 பேர். அவர்களுள் எண்மர் விளையாட்டு வீரர்கள். எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடி, 21 வயதில் கண்மூடினார்.

மார்பு நொறுங்கிக் கிடந்த பஸ்பிக்கு இருமுறை அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப்பட்டது. அவர் பிழைத்தார். ஆனால் பிள்ளைகள் மாண்ட செய்தியை அவரிடம் யார் சொல்வது? அவரே ஒவ்வொரு பெயராகக் கேட்க, மனைவி ஜீன் தலையை அசைத்தே பதில் சொன்னார். 'எதிர்ப்பை மீறி நான்தானே அழைத்துச் சென்றேன்' என்ற எண்ணம் பஸ்பியை வாட்டியது. இனிக் கால்பந்தே வேண்டாம் என்று அவர் துணிந்தபோது, 'போன பிள்ளைகள் நீங்கள் தொடர்வதையே விரும்புவார்கள்' என்று மனைவி தேற்றினார். அந்தச் சொல்லே அவரை எழுப்பியது.

பத்தாண்டுத் தவம்

பஸ்பி மருத்துவமனையில் இருந்த நாட்களில், வேல்ஸ் நாட்டுக் குழுவின் பொறுப்பில் இருந்ததால் அப்பயணத்தில் செல்லாத மர்ஃபி, எஞ்சியவர்களையும் புதியவர்களையும் சேர்த்துக் குழுவைக் காத்தார். நலம் பெற்று வந்த பஸ்பி மீண்டும் அடித்தளத்திலிருந்து கட்டினார். 1963-இல் எஃப். ஏ. கோப்பை, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம்.

1968-இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் மாட்ரிட் நகரில் நடந்தது. குழுவைக் கரைசேர்த்த கோலை அடித்தவர் பில் ஃபோக்ஸ். தடுப்பு வரிசையில் ஆடும் அவர் கோல் அடிப்பதே அரிது. பஸ்பியைப் போலவே சுரங்கத்தில் உழைத்தவர். மியூனிக் விபத்தில் உயிர் தப்பியவர்! மே 29-ஆம் நாள் லண்டன் வெம்ப்ளி அரங்கில், போர்ச்சுகலின் பென்ஃபிக்கா குழுவை யுனைடெட் கூடுதல் நேரத்தில் 4-1 என வென்றது. இரண்டு கோல் அடித்த குழுத் தலைவர் பாபி சார்ல்டனும் மியூனிக்கில் பிழைத்தவரே. ஆங்கிலக் குழு ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பஸ்பியைச் சூழ்ந்துகொண்டனர். வராதவர்களின் நினைவும் அங்கே இருந்தது.

அவ்வாண்டே அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. 1969-இல் பதவி விலகினார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர் வெகுநாள் நிலைக்கவில்லை. பஸ்பியே மீண்டும் வந்து 1971 வரை பொறுப்பேற்க நேர்ந்தது. 1974-இல் குழு இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. ஆலமரத்தின் நிழலில் வேறு மரம் வளர்வது கடினம் அன்றோ! 1994-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பஸ்பி மறைந்தார்.

மாணவியரே! பஸ்பி வென்ற கோப்பைகளைவிட, கோப்பைக்கு முந்திய அந்தப் பத்தாண்டுகளே நம் நெஞ்சில் நிற்க வேண்டியவை. இழந்தவர்களை அவர் மறக்கவில்லை. துயரத்தைச் சாக்காக்கி ஓயவும் இல்லை. மீண்டும் சிறுவர்களைத் தேடினார், மீண்டும் நம்பினார், மீண்டும் கற்றுக்கொடுத்தார். துயரம் நம் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வரலாம். அன்று, நம்மை நம்பி நிற்பவர்களுக்காக மறுநாள் காலையில் எழுந்து வேலையைத் தொடங்குவதே, பிரிந்தவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி ஆகும்.